குத்தகை நிலத்தில் காக்கப்படும் மழைக்காடு

பசிபிக் மகாசமுத்திரத்தின் தென்பாகத்தில், பூமத்திய ரேகைக்குச் சுமார் 14 பாகை தெற்கே, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான சிறு தீவுகள் சில இருக்கின்றன. இவற்றின் கீழ்பாகம் அமெரிக்கச் சமோவா என்று வழங்கப்படும். அவற்றுள் பெரிய தீவாகிய துத்துயிலாவின் பரப்பு ஏறக்குறைய 55 சதுர மைலே. 2020-ம் ஆண்டின் ஜனக்கணக்கின்படி நாடு முழுவதிலும் 50,000-க்குச் சற்றுக் குறைவான ஜனங்கள் வசித்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்வொரு தீவிலேயே உள்ளனர். இத்துணை நெருக்கமான இடத்திலும் மலைச்சரிவுகளில் பழைய மழைக்காடு அழியாமல் நின்று வருகின்றது. அதைக் காக்கும் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்க்கார் அமைத்த தேசியப் பூங்கா, துத்துயிலா, தாவூ, ஓபு என்னும் மூன்று தீவுகளில் பரவியிருக்கிறது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ளது இஃதொன்றே. ஆயினும் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்கத்தக்க விசேஷம் வேறு. இப்பூங்காவின் நிலம் சர்க்காருடையதன்று, கிராமத்தாருடையது. சர்க்கார் அங்கே குத்தகைதாரராகவே இருந்து வருகின்றனர்.

நிலமும் அதன் உடையோரும்

சமோவாவில் நிலத்தின் பெரும்பகுதி தனி மனிதருக்கு உரியதன்று. 'ஐங்கா' எனப்படும் பெருங்குடும்பத்துக்கு அது பொதுவானது. குடும்பத்தார் கூடித் தேர்ந்தெடுக்கும் தலைவருக்கு 'மதாய்' என்று பெயர். யார் எந்தச் சரிவில் பயிரிடுவது, யார் எங்கே வீடு கட்டிக்கொள்வது என்பவற்றையெல்லாம் அவரே நிர்ணயிக்கிறார். மதாய்கள் அனைவரும் கூடும் கிராமச் சபையை 'போனோ' என்பர். 1900-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ந் தேதி துத்துயிலாவின் தலைவர்கள் தங்கள் தீவை அமெரிக்கர் வசம் ஒப்புவித்தனர். தாவூ, ஓபு முதலிய தீவுகளின் தலைவர்கள் 1904-ல் அவ்வாறே செய்தனர். நாட்டை ஒப்புவித்தபோதிலும் நிலத்தின் மீதுள்ள தங்கள் பாத்தியதையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் ஏற்பட்ட சட்டங்களும் பொது நிலம் அந்நியர் கைக்கு மாறாதபடி தடுத்தே வந்திருக்கின்றன.

ஆகவே, 1980-க்குப் பிறகு காட்டைக் காக்கும் யோசனை எழுந்தபோது, அமெரிக்காவில் வழக்கமாகக் கைக்கொள்ளப்படும் முறை இங்கே செல்லவில்லை. அந்நாட்டில் தேசியப் பூங்கா என்றால், நிலம் மத்திய சர்க்காரின் சொத்தாக இருப்பதே வழக்கம். சமோவாவில் விற்பாரும் இல்லை, விற்கச் சட்டமும் இடங்கொடாது. 1988-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ந் தேதி நிறைவேறிய சட்டம், நிலத்தை 50 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றுக்கொள்ளும்படி வகுத்தது. குத்தகைத் தொகையின் நியாயமான அளவை அத்தீவுகளின் உயர் நீதிமன்றமே நிர்ணயிக்க வேண்டுமென்றும் ஏற்பட்டது. எந்தெந்த மலைச்சரிவு சேரும், எல்லை எவ்வழியாகச் செல்லும், என்பவற்றைக் கிராமங்களோடு பேசி முடிப்பதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் சென்றன. 1993-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் குத்தகை கையெழுத்தாயிற்று. காலதாமதம் என்று சிலர் இதைக் குறை கூறலாம். ஆனால் பொது நிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் வாக்கும் கேட்டு எல்லை குறிப்பதற்கு ஐந்தாண்டு அதிகமன்று. அவசரமாகக் குறித்த எல்லையினால் விளையும் வியாச்சியங்களுக்கு அதனினும் நீண்ட காலம் வேண்டும்.

அச்சட்டத்தில் குடியானவர்களுக்கு முக்கியமான விதிகள் இரண்டு உண்டு. சமோவா ஜனங்கள் வழக்கமாகப் பயிர்செய்து வந்த இடங்களில், தங்கள் ஜீவனத்துக்காகப் பயிரிடவும், காட்டுப் பொருள்களைச் சேகரிக்கவும், பழைய முறைகளைக் கொண்டு மீன் பிடிக்கவும் தடையில்லை. பூங்காவின் வேலைகளுக்கு அந்நாட்டாரையே பழக்கி, அவர்களையே முதலில் நியமிக்க வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள மலையெங்கும் பூங்காவாய் அமைந்த வாத்தியா போன்ற கிராமத்துக்கு இவ்விதிகள் எவ்வளவு அவசியமானவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாண்டிலேயே நேர்ந்த மற்றொரு சம்பவம் இதை இன்னும் விளக்கும். சமோவாவில் அரிசிக்கு நிகரான உணவு சேப்பங்கிழங்கு. மலைச்சரிவில் மரங்களை வெட்டி, அடிக்கட்டைகளின் இடையே வாழையும் சேம்பும் நட்டு, சில போகம் எடுத்தபின் நிலத்தைத் தரிசாக விடுவது அவர்கள் வழக்கம். 1993-ல் இலைக்கருகல் நோய் திடீரெனத் தோன்றியது. பைத்தோப்தோரா என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் இந்நோய் ஈரக்காற்றிலும் மழைச்சாரலிலும் இலைக்கு இலை தாவும். சில மாதங்களுக்குள் சேம்புத் தோட்டங்கள் பாழாயின. அண்டை நாடாகிய மேற்குச் சமோவாவின் ஏற்றுமதியே நின்றுபோயிற்று. பின்னர்ப் பலாவு முதலிய தீவுகளிலிருந்து நோய் தாங்கும் வகைகளை வருவித்து நட்டதனால் சாகுபடி மெல்ல மெல்ல மீண்டது. முக்கிய ஆகாரப் பயிர் கண்ணெதிரே கருகும் தருணத்தில் மேல் சரிவுகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பூங்காவுக்கு விட்டுக்கொடுக்க ஒரு கிராமம் இசைந்ததென்றால், பழைய தோட்டங்களில் பயிரிடும் உரிமை எழுத்தில் நிலைநாட்டப்பட்டிருந்ததை அதன் காரணங்களுள் ஒன்றாகக் கொள்வது தவறாகாது.

காட்டின் இயல்பு

துத்துயிலாவின் நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் செல்கிறது. வடபுறச் சரிவு செங்குத்தாகச் சமுத்திரத்தில் இறங்கும். பூங்காவின் பகுதி அவ்வடபுறத்திலேயே அமைந்தது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் மோதுவதால் ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். மேடான இடங்களில் இன்னும் அதிகம். பாங்கோபாங்கோ துறைமுகத்தின் எதிரே நிற்கும் பியோவா மலையை 'மழை தருவோன்' என்று மாலுமிகள் அழைத்தது காரணப் பெயரே. இத்தகைய மழை செங்குத்தான சரிவில் விழும்போது, மரங்களின் வேரும் சருகும் இல்லாவிடில் மேல்மண் நிலைத்திராது. மண் கரைந்து ஓடைகளின் வழியே இறங்கிப் பவழப்பாறைகளை மூடும். பவழம் மடிந்தால் கரையோர மீனும் குறையும். மலையின் தோப்பும் கடலின் மீனும் ஒரே கணக்கில் அடங்கியவை என்பதைத் தீவில் வசிப்போர் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இக்காட்டின் மரங்கள் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியப் பக்கத்திலிருந்து அலைகளாலும், காற்றாலும், பட்சிகளாலும் வந்து சேர்ந்தவை. ஆகையினால் தமிழ்நாட்டார் ஒருவர் அக்கரையில் இறங்கினால் பழகிய முகங்கள் பலவற்றைக் காண்பார். கடலோரத்தில் நிற்கும் 'பெத்தாவு' என்பது புன்னை. 'மீலோ' என்பது பூவரசு. 'நோனு' என்பது நுணா. 'தாலியே' என்பது நாட்டு வாதுமை. மேலே ஏறினால் நாவலின் இனத்தைச் சேர்ந்த பெருமரங்களும், ஆலின் இனத்தைச் சேர்ந்து விழுது இறக்கும் 'ஆவோவா'வும் தோன்றும். விருந்துகளில் மதாய்கள் அருந்தும் 'ஆவா' பானமும் மிளகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்தே தயாராகிறது.

தாவூ, ஓபு தீவுகளைக் குறித்துச் சிறிது கூறினால் போதும். தாவூவில் உள்ள லாதா மலை சுமார் 3,170 அடி உயரமுள்ளது. அந்நாட்டில் அதுவே மிக உயர்ந்தது. அதன் சிகரம் பெரும்பாலும் மேகத்தில் மறைந்திருக்கும். அத்தீவில் உள்ள சாவுவா என்னும் பழைய இடத்தைத் தங்கள் இனத்தின் பிறப்பிடமாகச் சமோவா ஜனங்கள் போற்றுகின்றனர். ஓபுவின் கரையில் பூங்கா கடலுக்குள்ளும் செல்கிறது. அங்குள்ள ஆழமற்ற குட்டைகளில் பகல் வெப்பம் மிகுந்தும் பவழங்கள் சாவதில்லை. அதன் காரணத்தை ஆராய விஞ்ஞானிகள் அங்கே சென்று வருகின்றனர்.

வௌவாலும் புயலும்

மனிதர் கொண்டுவந்த பிராணிகளை நீக்கிவிட்டால், இத்தீவுகளுக்குச் சொந்தமான பாலூட்டிப் பிராணி வௌவால் ஒன்றே. பழந்தின்னி வௌவால்களில் இரண்டு இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பகலிலும் பறக்கும் இயல்புடையது. சுமார் மூன்றடி அகலம் சிறகை விரித்து, பருந்தைப் போல மலைக்காற்றில் வட்டமிடும். பழமரம் வைத்திருப்போர் வௌவாலை விரோதியாகக் கருதுவது எங்கும் உள்ளது. ஆனால் இக்காட்டில் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு செல்வதும், பெருவிதைகளைத் தூரத்தில் உதிர்ப்பதும் பெரும்பாலும் வௌவாலும் காட்டுப் புறாவுமே. கண்டங்களில் இவ்வேலையைச் செய்யப் பல பிராணிகள் இருக்கின்றன. தனித்த தீவில் மாற்று ஆள் கிடையாது.

1980-ஐ அடுத்த ஆண்டுகளில் குவாம் தீவிலுள்ள ஜனங்களின் உணவுக்காகச் சமோவா வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கொன்று அனுப்பப்பட்டன. இதனால் குறைந்த கூட்டத்தை 1990 பிப்ரவரியில் 'ஓபா' என்னும் புயலும், 1991 டிசம்பரில் 'வால்' என்னும் புயலும் தாக்கின. மரங்கள் இலையும் பூவும் காயும் இன்றி நின்றன. பசியால் வாடிய வௌவால்கள் ஊருக்குள் இறங்கித் தரையில் விழுந்து கிடந்த பழங்களைத் தேடின. அங்கே மனிதராலும் நாய்களாலும் கொல்லப்பட்டன. புயலில் தப்பியவை ஊரில் மடிந்தன என்பதே உண்மை. வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டி மாத்திரம் ஈனுவதால் நஷ்டம் விரைவில் ஈடாகாது. 1992-ல் வேட்டை தடுக்கப்பட்டது. காடு காக்கப்பட்ட இடமாக இருந்ததனால் அவை தங்க இடமும் இருந்தது. கூட்டங்கள் சிறிது சிறிதாகப் பெருகின.

பூங்கா அலுவலகத்துக்கும் ஆபத்து நேர்ந்தது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29-ந் தேதி பூகம்பத்தால் எழுந்த கடற்பேரலை பாங்கோபாங்கோவுக்குள் புகுந்தபோது, பூங்காவின் காரியாலயமும் வருவோர்க்கான நிலையமும் அழிந்துபோயின.

தமாலிங்கி மரத்தை ஒழித்த விதம்

பூங்காவின் காரியங்களுள் விவசாயிகளுக்கு மிகவும் பயன்படும் பாடம் தமாலிங்கி மரத்தைப் பற்றியது. மொலுக்காத் தீவுகள், நியூகினி முதலிய இடங்களைச் சேர்ந்த இம்மரம் அவரைக் குடும்பத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உலகில் மிக விரைவாக வளரும் மரங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. நூறடிக்கு மேல் ஓங்கிக் குடைபோல் கிளை விரிக்கும். இலேசான நெற்றுகள் காற்றில் பறந்து விதை சிதறும். வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் குணமும் உண்டு. கொளிஞ்சியும் சணப்பையும் வயலுக்குச் செய்வது அதுவேயாதலால், கேட்ட மாத்திரத்தில் குடியானவர் இதை நன்மை என்றே நினைப்பர். வயலில் நன்மையாகிய இக்குணம் பழைய காட்டில் தீமையாகின்றது. குறைந்த சத்தில் மெதுவாக வளர்ந்து பழகிய நாட்டு மரங்களை, சத்து மிகுந்தால் விரைந்து வளரும் அந்நிய மரங்கள் அமுக்கிவிடும். தமாலிங்கியின் கிளைகளும் உறுதியற்றவை. புயலில் முறிந்து கீழுள்ள கன்றுகளை நசுக்கும். புயலால் திறந்த இடங்களில் வெயிலை விரும்பும் இதன் நாற்றுகளே முதலில் எழுந்தன. சரிவுகள் ஒவ்வொன்றாக இதன் வசமாயின.

2001-ஐ ஒட்டித் தொடங்கி, பூங்கா இலாகா உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி இம்மரத்தை ஒழிக்கும் வேலையை நடத்திற்று. அவர்கள் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. நூறடி மரம் சாய்ந்தால் காக்க வேண்டிய நாட்டு மரங்களே நசுங்கும். ஆகையால் அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை அரிவாளால் கொத்தி உரித்து நீக்கினர். இலையில் தயாராகும் ஆகாரம் பட்டை வழியாகவே வேருக்கு இறங்குவதால், வேர் பட்டினியால் வாடி, மரம் சில மாதங்களில் நின்றபடியே பட்டுப்போகும். பிறகு சிறு கிளைகள் முதலாகத் துண்டு துண்டாக உதிரும். வெயில் ஒரே நாளில் பாயாமல் படிப்படியாக உள்ளே வரும். சிறு கன்றுகளைக் கையால் பிடுங்கினர். விஷ மருந்துச் செலவில்லை. பெரிய இயந்திரமும் வேண்டியதில்லை. செங்குத்தான சரிவில் அரிவாளோடு ஏறக்கூடிய ஆளே தேவை. அத்தகையவர்கள் கிராமத்தில்தான் கிடைப்பார்கள். இவ்விதம் ஆயிரக்கணக்கான பெருமரங்கள் ஒழிக்கப்பட்டன.

அதன்பின் அங்கே மரக்கன்று நட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2012-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். தமாலிங்கியின் நிழலிலும் நாட்டு மரங்கள் குறைந்த அளவிலேனும் உயிரோடிருந்தன. மேல்நிழல் நீங்கியதும் அவையும், பட்சிகள் கொணர்ந்த விதைகளும் விரைந்து கிளம்பின. சில ஆண்டுகளுக்குள் இளங்காடு மூடிக்கொண்டது. அந்த அடர்ந்த நிழலில், வெயிலின்றி வாழாத தமாலிங்கி நாற்றுகள் மீண்டும் எழவில்லை. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஆகும் பெருஞ்செலவு மிச்சமாயிற்று. ஆனால் அருகில் பழைய காடும், விதை கொண்டுவரும் வௌவாலும் புறாவும் இல்லாத இடத்தில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அவை இரண்டும் அங்கே மிஞ்சியிருந்தபடியாலேயே இம்முறை பலித்தது.

மற்ற அந்நிய இனங்களும் உண்டு. அவற்றுள் சில இந்தியாவிலிருந்து சென்றவை என்பது வியப்பைத் தரும். செம்மணிகளுக்காகச் சிறுவர்கள் பொறுக்கும் ஆனைக்குன்றிமணி மரம் அங்கே 'லோபா' என்ற பெயரில் காட்டினுள் பரவித் தொல்லையாயிருக்கிறது. மைனாவும் கொண்டைக்குருவியும் துத்துயிலாவில் பெருகியுள்ளன. கொண்டைக்குருவி பழந்தின்று களைச்செடிகளின் விதையைப் பரப்புகிறது. ஒன்றை அடக்க மற்றொன்றைக் கொண்டுவந்து கெட்ட கதையும் உண்டு. ஆப்பிரிக்காவின் பெருநத்தை 1970-க்குப் பின் தீவில் புகுந்து பயிர்களைத் தின்றது. அதைத் தின்னும் என்று நம்பி, 1980-ல் வேறொரு மாமிசபட்சணி நத்தையை விட்டனர். அது காட்டுமரங்களில் யாருக்கும் தீங்கின்றி வாழ்ந்த சிறு நாட்டு நத்தைகளையும் தின்னத் தொடங்கிற்று.

பன்றியின் விஷயம் இவற்றைவிடச் சிக்கலானது. சமோவாவில் சாவுக்கும் கலியாணத்துக்கும் பன்றி இன்றியமையாதது. அதைப் பகையென்று பேச ஒருவரும் விரும்பார். ஆனால் கட்டவிழ்ந்து காட்டில் திரியும் பன்றிகள் மண்ணைக் கிளறி நாற்றுகளை வேரோடு தின்கின்றன. சேம்புத் தோட்டங்களையும் விடுவதில்லை. பூங்கா இலாகா வேலி கட்டியும் கண்ணி வைத்தும் அவற்றைக் குறைத்து வருகிறது. குடியானவரின் தோட்டமும் சர்க்காரின் காடும் ஒரே பிராணியால் நஷ்டமடைவதால், இவ்விஷயத்தில் இரு தரப்பாருக்கும் இசைவு ஏற்படுவது மற்றவற்றைவிடச் சுலபம்.

கிராமங்களின் லாப நஷ்டக் கணக்கு

யாத்திரிகர் கூட்டங்கூட்டமாக வந்து பணம் கொட்டுவர் என்று பூங்கா தொடங்கியபோது எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். அமெரிக்க தேசியப் பூங்காக்களுள் மிகக் குறைந்த ஜனங்கள் வருவனவற்றில் இதுவும் ஒன்று, தூரமே காரணம். விருந்தினர் கிராம வீடுகளிலேயே தங்கிச் சமோவா வாழ்க்கையைக் காணும்படி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதனால் சில குடும்பங்களுக்குச் சிறிது வருமானம் உண்டு. கிராமத்துக்கு உறுதியாகக் கிடைப்பவை குத்தகைப் பணமும், பூங்காவில் கிடைக்கும் வேலைகளும், மண் கலவாத ஓடை நீருமே ஆகும். இவற்றுக்கு ஈடாக அவர்கள் விட்டது, மேல்சரிவுகளைப் புதிதாக வெட்டித் தோட்டமாக்கும் உரிமையை. ஜனத்தொகை பெருகும் காலத்தில் அது சிறிய விலையன்று. ஆயினும் அச்சரிவுகளில் பல, இரண்டு மூன்று போகத்துக்கு மேல் சேம்பு தாங்காதவை.

பூங்கா எல்லைக்கு வெளியே தமாலிங்கி மரங்கள் இன்னும் நிற்கின்றன. காற்றில் நெற்று பறந்துகொண்டேயிருப்பதால் மலைமுகடுகளில் ஆட்கள் திரும்பத் திரும்ப நடந்து நாற்றுகளைத் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கிறது. 1993-ல் எழுதிய குத்தகையின் ஐம்பதாண்டுக் காலம் 2043-ல் நிறைவேறும். அதற்குப் பின் நிலத்தை மறுபடியும் விடுவதா, வேறு நிபந்தனை கேட்பதா, என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அப்போது போனோவில் அமரும் மதாய்கள்.